பனியின் அகத்தை ஆராய்ந்தவர்கள்

ஆல்ப்ஸ் மலைக்குடிகள் பனிச்சரிவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த ஞானம், பெரும்பாலும் அது எந்த வழியாக இறங்கும், எங்கே வந்து நிற்கும் என்பதைப் பற்றியதேயாகும். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் கிராமத்தார், ஊருக்கு மேலே நின்ற காட்டில் ஒருவரும் மரம் வெட்டலாகாதென்று 1397ஆம் ஆண்டிலேயே சாசனம் எழுதிக்கொண்டார்கள். டாவோஸை அடுத்த பிரவுன்கிர்ஹ் தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவரையோ, பாய்ந்து வரும் பனியைப் பிளந்து இருபுறமும் ஒதுக்கிவிடும்படி ஆப்பின் வடிவில் எழுப்பினார்கள். ஊரோடு இருந்து வாழ்பவர்களுக்கு அந்த ஞானம் பெருந்துணையாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சறுக்குக்கட்டைகள் அம்மலைகளில் பிரவேசித்து, 1897இல் வில்ஹெல்ம் பால்க்கே என்னும் ஜெர்மானியர் தோழர்களுடன் அக்கட்டைகளின் மீதேறிப் பெர்ன் மாநிலத்துப் பனிமலைகளைக் கடந்த பிறகு, குளிர்காலத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத சரிவுகளிலும் மனிதர் ஏறத் தொடங்கினர். இன்று இந்தச் சரிவு என்னைத் தாங்குமா என்பது அவர்களுடைய கேள்வி; அதற்குப் பழைய அனுபவத்தில் விடை கிடைப்பது அரிதாயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, 1916 டிசம்பர் 13ஆம் தேதி மார்மோலாடா மலையில் ஆஸ்திரியப் படைமுகாமின் மேல் விழுந்த பனி நூற்றுக்கணக்கான வீரர்களைப் பலிகொண்டபோது, பனிச்சரிவின் பயங்கரம் நன்கு புலப்பட்டது.

விடையைப் பனியின் மேற்பரப்பில் தேடாமல் அதன் உள்ளே தேடியதே பெரிய திருப்பம் என்பது என் துணிபு. சுவிஸ் அரசாங்கம் 1931இல் ஒரு குழுவை நியமித்தது. சில ஆண்டுகளுக்குள் டாவோஸுக்கு மேலே, 2,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலுள்ள வைஸ்ஃபுளூயோஹ் கணவாய்ப்பகுதியில், ஸ்படிகவியல் கற்ற ஹென்றி பாடர், மண்ணின் வலிமையை ஆராய்ந்த பொறியாளர் ராபர்ட் ஹேஃபெலி முதலியோர் குளிரில் உறைந்து நின்று பனியை அறுத்தும் அளந்தும் பார்த்தனர். அவர்களுடைய ஆராய்ச்சி 1939இல் நூலாயிற்று. விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை என்று அது விளக்கியது. தரையை ஒட்டிய அடிப்பனி ஏறக்குறைய பூஜ்ய டிகிரியிலேயே இருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் உறைகிறது. அந்த வேற்றுமையால் நீராவி கீழிருந்து மேலே ஏறி, அடியிலுள்ள துகள்களைப் பருத்த ஸ்படிகங்களாக மாற்றுகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைபோல் உதிர்ந்து கிடக்கின்றன. அந்தப் பலவீனமான அடுக்கின்மேல் காற்று இறுக்கிய பனிப்பாளம் படிந்து, சரிவும் முப்பது டிகிரிக்கு மேற்பட்டதாயிருந்தால், ஒரு மனிதனுடைய பாரமே அதைப் பெயர்க்கப் போதும்.

இன்று மலையேறி ஒருவர் பனியில் குழி தோண்டி, அடுக்குகளை முஷ்டியாலும் விரலாலும் பென்சிலாலும் கத்தியாலும் குத்திக் கடினத்தைச் சோதிப்பதும், பனியைச் சுற்றி வெட்டித் தனிக் கட்டியாக்கி அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்ப்பதும் அந்த ஆராய்ச்சியின் வழிவந்தவையே. எனினும் குழி தான் தோண்டப்பட்ட இடத்தைத்தான் சொல்லும். சில அடி தள்ளினால் அடுக்கின் உறுதி வேறாகிவிடலாம். ஆதலால் அதை மட்டும் நம்பி ஒரு சரிவில் இறங்குவது விவேகமன்று.

அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த டாவோஸ் ஆராய்ச்சி நிலையமே 1945 முதல் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. ஆயினும் 1951ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் மாண்டனர். ஐரோப்பிய நாடுகள் 1993இல் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து ஒரே அளவுகோலை ஏற்றன. சறுக்குப் பயணிகளுள் மிகப் பலர் உயிரிழப்பது, நடுப்படியாகிய மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாட்களில்தான்.