இந்தோனேசியத் தீவுகளை இணைத்த கப்பல் வழிகள்

தாயகத்தை மலாய்மொழியில் ‘தானா ஆயிர்’ என்பர். நிலமும் நீரும் என்பது அதன் நேர்ப்பொருள். 17,000க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியாவுக்கு இச்சொல் மிகவும் பொருந்தும். ஆயினும், நீர் தானாகத் தீவுகளை இணைப்பதில்லை. தவறாது வந்துபோகும் கப்பலே இணைக்கிறது. மலாய்மொழியிலும் கப்பலுக்குக் கப்பல் என்றே பெயர். அது தமிழிலிருந்து சென்ற சொல். அக்கப்பல்களின் வழியை வகுத்தவர் யார், எவருடைய நலனுக்காக வகுத்தனர் என்பதே நாம் இங்கு ஆராயும் வினா.

19ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளின் விளைபொருள்களில் கணிசமான பகுதி சிங்கப்பூர் வழியாகவே உலகச் சந்தையை அடைந்தது. டச்சுக் காலனிய அரசின் அஞ்சலைக்கூட ஆங்கிலேயர் முதலீட்டில் இயங்கிய நிறுவனமே சுமந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டு 1888இல் கே.பி.எம். என்னும் டச்சுக் கப்பல் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1891இல் அரசு ஒப்பந்தத்தின்கீழ்ப் பணியைத் தொடங்கியது. சரக்கைச் சிங்கப்பூரிலிருந்து திருப்பி, பத்தாவியா, சுராபாயா முதலிய துறைமுகங்களின் வழியே செலுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும். தொலைதூரத் தீவுகளும் இதனால் கப்பல் பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வழிகளை வகுக்கும் உரிமை அத்தீவினரிடம் இல்லை.

விடுதலைக்குப்பின், 1952இல் இந்தோனேசிய அரசு பெல்னி என்னும் சொந்தக் கப்பல் நிறுவனத்தை அமைத்தது. எனினும் கே.பி.எம்.மின் இடத்தை அதனால் உடனே நிரப்ப இயலவில்லை. 1957 டிசம்பரில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. மேற்கு ஈரியான் பூசலின் விளைவாகக் கே.பி.எம். அலுவலகங்களைத் தொழிலாளர் கைப்பற்றினர். அதே மாதம் 13ஆம் நாள், தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் முழுவதும் நாட்டின் பகுதியே எனப் பிரதமர் ஜுவாண்டா அறிவித்தார். அதுவரை ஒவ்வொரு தீவையும் சூழ்ந்த 3 கடல்மைல் மட்டுமே நாட்டுக்குரியதாக இருந்தது. கடல் சட்டத்தால் ஒன்றான அவ்வேளையில், அதனைக் கடக்கக் கப்பல்கள் போதவில்லை. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை தீவுக்கூட்ட நாடு என்னும் கருத்தை ஏற்றது; அவ்வேற்பும் ஒரு மூட்டை அரிசியைத் தீவுக்குக் கொண்டு சேர்த்துவிடாது.

இக்குறையை நீக்கவே 2015இல் ‘கடல் நெடுஞ்சாலை’த் திட்டத்தின்கீழ், அரசு மானியத்துடன் கிழக்குத் தீவுகளுக்குச் சரக்குக் கப்பல்கள் காலமுறைப்படி செல்லத் தொடங்கின. நிறைந்து செல்லும் கப்பல் பெரும்பாலும் குறைந்த சரக்குடனே திரும்புகிறது. திரும்பும் பயணத்தின் செலவும் போகும் பொருளின் விலையிலோ அரசின் மானியத்திலோ ஏறுகிறது. ஆகவே, கப்பலைக் கூட்டுவதோடு பணி முடிவதில்லை. தீவினர் விளைவித்ததையும் பிடித்ததையும் ஏற்றி அனுப்பப் பண்டகசாலையும் குளிரறையும் துறைமேடையும் வேண்டும். கொண்டுவரும் கப்பல் கொண்டுசெல்லவும் செய்யும்போதுதான் அத்தீவு நாட்டோடு உண்மையில் இணைகிறது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு.