வில்லையும் கமராவும்: ஆர்வலரின் தெரிவு

நிழற்படக் கலையில் ஆர்வங் கொண்ட ஒருவர் கமரா வாங்கும் நோக்குடன் இன்று கடையொன்றினுட் புகுவாராயின், அவரை முதலில் எதிர்கொள்வது திகைப்பேயாகும். எந்தக் கமராவை வாங்குவது? அதற்கு எந்த வில்லை பொருந்தும்? பணத்தின் பெரும்பகுதியைக் கமராவிற் செலவிடுவதா, வில்லையிற் செலவிடுவதா? இவ்வினாக்கள் டிஜிற்றல் காலத்திற் பிறந்த புதிய வினாக்கள் போலத் தோன்றும். உண்மையில் இவை நிழற்படக் கலையுடன் உடன்பிறந்தவை. அக்கலையின் வரலாறே இவற்றுக்குத் தெளிவான விடையையும் தருகின்றது.

பிரான்சு நாட்டவரான டகேர் கண்ட படமுறை 1839 ஆம் ஆண்டில் உலகறிய வெளியாயிற்று. அக்காலக் கமராவின் வில்லை மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. ஆதலின், படம் எடுப்பிக்க வந்தவர் பல நிமிடநேரம் அசையாது வெயிலில் அமர்ந்திருக்க நேர்ந்தது. இக்குறையை நீக்கியது புதிய கமராவன்று, புதிய வில்லையே. வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியரான யோசெப் பெற்சுவால், 1840 ஆம் ஆண்டில் உருவப்படத்துக்கென ஒரு வில்லையைக் கணித்தமைத்தார். கணக்குகள் மிகப் பலவாதலின், ஆஸ்திரிய பீரங்கிப் படையிற் கணிதப் பயிற்சி பெற்றிருந்த வீரர் சிலர் அவருக்குத் துணையாக அனுப்பப்பட்டனர். முன்னைய வில்லையிலும் பன்மடங்கு ஒளியை ஈர்த்த பெற்சுவாலின் வில்லை, நிமிடக் கணக்காயிருந்த காத்திருப்பை விநாடிக் கணக்காகக் குறைத்தது. படத்தின் இயல்பைப் பெரிதும் வகுப்பது வில்லையே என்னும் உண்மை அன்றே நிலைநாட்டப்பட்டது.

இவ்வுண்மையைத் தம் கைப்படக் கண்டறிந்த ஆர்வலருள் தலையாயவர் யூலியா மார்கிறெற் கமறன் அம்மையார். இவர் 1815 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்தவர். கோல்புறூக்-கமறன் சீர்திருத்தங்கள் எனும் பெயரால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்ற சாள்ஸ் ஹே கமறனின் துணைவியார். இங்கிலாந்தின் வைற் தீவில் வாழ்ந்தபோது, 1863 ஆம் ஆண்டின் இறுதியில், தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் அளித்த கமராவைப் பரிசாகப் பெற்றார். ஆசிரியர் எவருமின்றித் தாமே பயின்றார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று.

அக்கமராவுடன் வந்தது பாரிசு நகரத்து யாமென் என்பார் செய்த, பெற்சுவால் வகையைச் சார்ந்த வில்லையாகும். தட்டின் விளிம்புவரை அதனாற் கூர்மையைக் காத்துநிற்க இயலவில்லை. நடுவிலே முகம் ஒளிர, சுற்றிலும் யாவும் மென்மையாகக் கரைந்து நின்றன. சங்கங்களிற் கூடிய தொழில்வல்லார் இதனைப் பிழையென்று பழித்தனர். அம்மையாரோ, கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே வில்லையை நிறுத்திவிட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் விடையிறுத்தார். 1866 ஆம் ஆண்டளவில் இலண்டன் டல்மேயர் நிறுவனத்தின் வில்லையுடன் பெரிய கமரா ஒன்றினைப் பெற்றார். விளிம்புவரை சீராக வரைய வல்ல அவ்வில்லை கைக்கு வந்தபின்னரும் அவர் மென்மையைக் கைவிடவில்லை. முகத்தை நெருங்கி, பெரிய தட்டிலே உயிரளவாகப் பதிப்பதற்கு அதனைப் பயன்படுத்தினார். வானியலறிஞர் ஹேர்ஷலின் உருவப்படம் 1867 இலும், டார்வினின் உருவப்படம் 1868 இலும் எடுக்கப்பட்டன. முதலில் நேர்ந்தது கருவியின் குறை. பின்னர் நிகழ்ந்தது கலைஞரின் தெரிவு. இவ்வேறுபாடே அவரைக் கலைஞராக்கியது.

கமறன் அம்மையார் போன்றோர் அக்காலத்தில் மிகச் சிலரே. கண்ணாடித் தட்டையும் இரசாயனங்களையும் கையாளும் பொறுமையும் வசதியும் யாவர்க்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்கராகிய யோர்ஜ் ஈஸ்ற்மன் 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட கொடாக் கமரா இத்தடையைத் தகர்த்தது. அதன் விலை 25 டொலர். நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. படங்கள் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டுப் புதிய சுருளும் இட்டுத் திருப்பியனுப்புவர். 1900 ஆம் ஆண்டில் வந்த பிறவுணிக் கமராவின் விலை ஒரு டொலர் மட்டுமே. குழந்தையும் படம் எடுக்கலாம் என்னும் நிலை பிறந்தது. ஆயினும் அவ்வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. வில்லை மாற்ற முடியாதது. குவியம் மாற்ற முடியாதது. ஒளியின் அளவும் ஏறக்குறைய மாற்ற முடியாதது. கோடிக்கணக்கானோர் படம் எடுக்கத் தொடங்கினர். ஆனால் தெரிவு என்பது அவர்கள் கையைவிட்டு அகன்றது.

இழந்த தெரிவை மீட்டுத் தந்தவரும் ஒருவகையில் ஆர்வலரே. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரில் லைற்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஒஸ்கார் பார்ணாக், தொய்வு நோயால் வருந்தியவர். பாரமான கமராவைச் சுமந்து மலைநாட்டில் உலவ அவரால் இயலவில்லை. ஆதலின் சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கமராவை அமைத்தார். சினிமாப் படத்தின் இருமடங்காகிய 24 க்கு 36 மில்லிமீற்றர் அளவே அதன் படச்சட்டமாயிற்று. சிறிய படத்தைப் பெருப்பிக்கும்போது குறைகள் யாவும் வெளிப்படுமன்றோ? அதனைத் தாங்கவல்ல வில்லையை மாக்ஸ் பெரெக் கணித்துக் கொடுத்தார். 1925 ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில் லைக்கா எனும் பெயருடன் அது வெளியாயிற்று. 1930 ஆம் ஆண்டில் வில்லைகளைக் கழற்றி மாற்றும் வசதியும் சேர்ந்தது. அன்றுதொட்டு ஒரே கமராவினால் அகன்ற வெளியையும் தொலைவிலுள்ள முகத்தையும் படம்பிடிக்கச் சாதாரண ஆர்வலருக்கும் இயலுவதாயிற்று.

வில்லையைக் கழற்ற முடிந்ததும் புதியதொரு சிக்கலும் தோன்றியது. கமராவின் வாய்ப்பிணைப்புக்கு ஏற்ற வில்லையே அதிற் பொருந்தும். ஆகவே கமரா ஒன்றைத் தெரிபவர், உண்மையில் வில்லைக் குடும்பம் ஒன்றையே தெரிகின்றார். ஜப்பானிய நிறுவனமாகிய நிக்கோன், 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப் கமராவின் பிணைப்பை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணிவந்தது. பழைய வில்லைகள் பல, சில வரையறைகளுக்குட்பட்டு, டிஜிற்றல் கமராக்களிலும் பயன்பட்டன. கனன் நிறுவனமோ 1987 ஆம் ஆண்டில் முற்றிலும் மின்முறையில் இயங்கும் புதிய பிணைப்புக்கு மாறியது. எதிர்காலத்துக்கு அது உகந்ததாயினும், பழைய வில்லைகளைச் சேர்த்துவைத்திருந்தோர் அவற்றைப் புதிய கமராவிற் பொருத்த இயலாது தவித்தனர்.

டிஜிற்றல் கமராவின் தோற்றத்திலும் இவ்வுண்மை மறைந்திருத்தலைக் காணலாம். கொடாக் நிறுவனத்தின் இளம் பொறியியலாளரான ஸ்ரீவன் சாசன் 1975 ஆம் ஆண்டில் அமைத்த முதற்கருவி 3.6 கிலோகிராம் நிறையுடையது. ஒரு படத்தை நாடாவிற் பதிய 23 விநாடிகள் சென்றன. படத்திலிருந்த புள்ளிகள் பத்தாயிரம் மட்டுமே.  அதன் வில்லையோ சினிமாக் கமராவொன்றிலிருந்து பெறப்பட்டது. 1991 ஆம் ஆண்டிற் செய்தியாளருக்கென விற்பனைக்கு வந்த கொடாக் டிஜிற்றல் கமராவும் நிக்கோன் கமராவின் உடலிலேயே அமைக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டிற் கனன் 300டி ஆயிரம் டொலருக்குக் குறைந்த விலையில் வந்தபோதே, வில்லை மாற்றத்தக்க டிஜிற்றல் கமரா ஆர்வலரின் கைக்கு எட்டியது.

இக்கமராக்களிற் பலவற்றின் ஒளியுணரி, பழைய படச்சுருட் சட்டத்திலும் சிறியது. அதனால் 50 மில்லிமீற்றர் வில்லை, அவற்றில் 75 அல்லது 80 மில்லிமீற்றர் வில்லை காட்டும் அளவுக்குக் குறுகிய காட்சியையே காட்டும். இதனை அறியாது வில்லை வாங்குவோர், சிறிய அறையில் நின்று குடும்பத்தினர் அனைவரையும் ஒரு படத்துள் அடக்க இயலாது பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொள்வர். கமராவுடன் சேர்த்து விற்கப்படும் உருப்பெருக்க வில்லை, அதன் தொலை எல்லையில் வழமையாக எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். விலை குறைந்த 50 மில்லிமீற்றர் தனி வில்லையோ எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும். பின்னையது ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது. மாலைப் பொழுதின் கோயில் மண்டபத்தில் இவ்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2018 ஆம் ஆண்டில் நிக்கோனும் கனனும் உட்கண்ணாடியற்ற புதுவகைக் கமராக்களுக்கெனப் புதிய பிணைப்புக்களை வெளியிட்டன. ஆனால் பழைய வில்லைகளைப் பொருத்துவதற்கான இணைப்பு வளையங்களையும் உடன் விற்றன. கமராவின் உடல் சில ஆண்டுகளிற் பழமையடைந்து மதிப்பிழக்கும். நல்ல வில்லை தலைமுறை கடந்தும் உழைக்கும். ஈரப்பதன் மிக்க இலங்கை போன்ற நாடுகளில் அதற்குப் பகையாவது கண்ணாடியிற் படரும் பூஞ்சணமே. பழைய வில்லை வாங்குவோர் அதனை ஒளிக்கெதிரே பிடித்து உட்புறத்தை நோக்குதலும், வாங்கியபின் உலர்ந்த இடத்திற் பேணுதலும் இன்றியமையாதன.

ஆகவே ஆர்வலர் முதலிற் கேட்கவேண்டிய வினா, எந்தக் கமரா சிறந்தது என்பதன்று. எதனைக் காண விரும்புகின்றோம் என்பதாகும். முகமா, மலையா, பறவையா? அது தெளிந்தால் வில்லை தெரியும். வில்லை தெரிந்தால் அதற்கேற்ற கமராவும் தானே தெரியும்.

கமறன் அம்மையார் 1875 ஆம் ஆண்டிற் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் இந்நாட்டு மக்கள் சிலரையும், 1877 இல் விருந்தினராக வந்த ஓவியர் மறியான் நோர்த் அம்மையாரையும் படம் பிடித்தார். 1879 ஆம் ஆண்டு சனவரியில் மலைநாட்டில் மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இன்றைய எளிய கமராவுக்குள்ள வசதிகளில் ஒன்றேனும் அவரிடம் இருந்ததில்லை. தாம் காண விரும்பியது யாதென்பதை மட்டும் அவர் ஐயமற அறிந்திருந்தார்.