பாண்டிங் விட்ட ரொட்டி

மாவுச்சத்தைக் குறைத்து உடம்பை இளைக்கவைப்பது நேற்று முளைத்த மோகமல்ல. லண்டனில் அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலங்கள்வரை நடத்திய வில்லியம் பாண்டிங், 1862இல் 202 பவுண்டு இருந்தார். முழங்கால் நோகாமலிருக்க மாடிப்படியில் பின்பக்கமாகவே இறங்குவார். காது மந்தமென்று பார்க்கப்போன மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் முடிந்தவரை தவிர்க்கச் சொன்னார். ஓராண்டில் 46 பவுண்டு இறங்கியது. 1863இல் பாண்டிங் வெளியிட்ட சிறுநூலுக்குப் பிறகு அவர் பெயரே பத்தியத்தின் பெயரானது. ‘மொத்தமாகக் குறைத்துச் சாப்பிட்டார், இளைத்தார், அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் பட்டினியும் படகு வலிப்பும் அவருக்கு ஏற்கெனவே கைகொடுக்கவில்லை. வலித்த வலிப்பில் பசிதான் கூடியது. இறைச்சியும் மீனும் வயிற்றை நிறைத்ததால் இந்தப் பத்தியத்தில் நிலைக்க முடிந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

அதற்காக இதைக் கீட்டோ பத்தியம் என்றுவிட முடியாது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, மதியம் இரண்டு மூன்று கிளாஸ் ஒயின் உண்டு. கீட்டோகாரர்கள் கொண்டாடும் வெண்ணெய்க்கோ தடை! கீட்டோவின் பூர்வீகம் வேறு. பட்டினி கிடந்தால் வலிப்பு நோய் தணிவதைக் கண்டு, அதே நிலையைக் கொழுப்புணவால் உண்டாக்க 1921இல் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வகுத்த சிகிச்சை அது. இளைப்பது அதன் நோக்கமே அல்ல. இரண்டையும் ஒரே இலையில் பரிமாறி விற்றது 1972இல் வந்த மருத்துவர் அட்கின்ஸின் புத்தகம்.