கான்சாஸிலிருந்து வந்த பசு

பசு, புலி, எலி, ஓநாய். இந்த நான்கில் பண்ணைக்குப் பயன்படுவது எது? அந்தப் பெயரைச் சுற்றிக் கோடு போடு. 1915 வாக்கில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் முன் வைக்கப்பட்ட வாசிப்புத் தேர்வில் இப்படி ஒரு கேள்வி இருந்தது. படித்தது புரிந்ததா என்று சோதிக்க, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழக்கத்தின் தொட்டில் இங்கேதான் ஆடியது.

அதைச் செய்தவர் எம்போரியா ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய ஃபிரெடரிக் கெல்லி. ஒரே விடைத்தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுவதை ஆராய்ந்து 1914-இல் ஒரு நூலே எழுதியவர். திருத்துகிறவரின் கோபமும் தாட்சண்யமும் நுழையாத கேள்வி அவருக்கு வேண்டியிருந்தது. ஒரு கேள்விக்கு ஒரே பொருள், ஒரே விடை. முழுச் சரி அல்லது முழுத் தப்பு. பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் ஐந்தே நிமிடம்.

பசு கான்சாஸிலேயே நின்றுவிடவில்லை. 1917-இல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. சேர்ந்த ஆட்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரிக்க அவசரம். லட்சக்கணக்கான சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்து, கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறித்தார்கள். 1926 ஜூன் 23 அன்று அதே பாணி எஸ்ஏடி என்ற பெயரில் கல்லூரி வாசலுக்கு வந்தது. முதல் நாள் எழுதியவர்கள் சுமார் 8,000 பேர்.

கேள்வி பெருகியது, திருத்தக் கை போதவில்லை. அங்கே வந்து சேர்ந்தார் மிச்சிகன் பள்ளி ஆசிரியர் ரெனால்ட் ஜான்சன். சிறுவயதில் தம் அக்காமாரைப் பார்க்க வந்த பையன்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கிறுக்கி, வண்டி கிளம்பாமல் செய்த குறும்புக்காரர். பென்சில் கரியில் மின்சாரம் ஓடும் என்பது அந்தக் குறும்பு தந்த பாடம். அதை வைத்தே விடைத்தாள் திருத்தும் இயந்திரம் எழுந்தது. ஐபிஎம் நிறுவனம் 1938-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950-களில் அயோவா பல்கலைக்கழகத்தின் எவரெட் லிண்ட்குவிஸ்ட், மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் படிக்கும் கருவியை உருவாக்கினார். பசுவைச் சுற்றிப் பிள்ளை போட்ட கோடு, வட்டத்துக்குள் அடைத்த கறுப்பாயிற்று.

1964-இல் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வு தொடங்கியதும் ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாடுகளுக்கும் இந்த வட்டம் போனது. இலக்கணமும் நாலு விடைக்குள் அடங்கக் கற்றுக்கொண்டது. நம் ஊர் வங்கித் தேர்வுகளில் வாக்கியத்தைத் துண்டுபோட்டு எந்தத் துண்டில் பிழை என்று கேட்பார்கள். கடைசித் தெரிவு ‘நோ எரர்’. பிழையில்லாத வாக்கியத்தை நம்பத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது அவற்றை எழுதியவர்களுக்குத் தெரியும்.

வாசிப்பே தலைகீழாகிவிட்டது. கோச்சிங் சென்டரில் முதலில் சொல்லித்தருவது பத்தியைப் படிக்க அல்ல: ‘கேள்வியைப் பாருங்க, அப்புறம் பத்தியில தேடுங்க. ரெண்டு ஆப்ஷனை அடிச்சிடுங்க, மிச்சம் ரெண்டுலதான் விஷயம்.’ பத்தி என்ன சொல்கிறது என்பதைவிட, கேள்வி தயாரித்தவர் என்ன நினைத்திருப்பார் என்று கண்டுபிடிப்பதே தனி வித்தை.

கெல்லியின் நோக்கத்தில் குறையில்லை. யார் பெற்ற பிள்ளை, கையெழுத்து எப்படி என்று பாராத நீதி இந்த வட்டத்தில் இருக்கிறது. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய காப்பு. ஆனால் அந்த நீதிக்குக் காது கிடையாது. மலையடிவாரத்து விவசாயி வீட்டுப் பிள்ளை ஒன்று, ‘காட்டில் புலி இருந்தால்தான் பன்றி பெருகி வயலை உழாமல் இருக்கும்’ என்று யோசித்துப் புலியையும் சேர்த்துக் கோடு போட்டால்? அது தப்பு, ஏன் போட்டாய் என்று கேட்க யாருமில்லை.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வின் விடைத்தாளில் இப்போது ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: ‘விடை தெரியவில்லை’. தெரியாதவர் அதைக் கறுப்பு மையால் அடைத்துவிட்டு நகரலாம். கெல்லியின் பசு நூறாண்டு நடந்து வந்ததில், தெரியாதவருக்கும் ஒரு வட்டம் கிடைத்துவிட்டது. புலியைச் சொன்ன பிள்ளைக்கான வட்டத்தை மட்டும் இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.