காற்று ஓடும் கட்டடம்

காரைக்கால் கோவில்பத்தில், தேவாரம் தெளிச்சேரி என்று பாடிய பார்வதீஸ்வரர் கோயில் இருக்கும் பகுதியில், கோடையில் ஆளை வாட்டுவது வெயில் மட்டுமல்ல, காற்று நின்றுபோன இரவின் புழுக்கமும்தான். வியர்வை உலர வேண்டுமானால் உடம்பின் மேல் காற்று பட வேண்டும். ஒரே பக்கம் ஜன்னல் வைத்து, மொட்டைமாடியை வெயிலுக்குக் கொடுத்துவிட்ட வீட்டில் அது நடக்காது. பகலெல்லாம் தளம் வாங்கிய சூடு இரவில் அறைக்குள் இறங்கும். பிறகு ஏசி வாங்குகிறோம். இந்தக் கடற்கரைக்கு ஏற்ற வேறு வழி ஒன்று, காரைக்காலும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோதே புதுச்சேரியில் எழுந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைச் சொல்கிறேன். அதைக் கட்டடக் கலைஞர் ஒருவரின் மேதைமையாகப் புகழ்வது வழக்கம். பல தொழில்காரர்கள் தொடக்கத்திலிருந்தே கூடி யோசித்ததன் பலன் அது என்றே நான் கருதுகிறேன்.

விடுதிக்கான பணம் ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி வழியாக வந்தது. பெயரும் அந்த ஊரின் கோல்கொண்டாவிலிருந்து வந்ததே. வடிவமைத்தவர் தோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த, செக் நாட்டில் பிறந்த ஆன்டொனின் ரேமண்ட். ரேமண்டின் சார்பில் ஜார்ஜ் நகாஷிமாவும், கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவிடம் வேலை பார்த்த பிரான்டிஷெக் சாமரும் புதுச்சேரியிலேயே தங்கினார்கள். 1937-இல் தொடங்கிய வேலையில் ஆசிரமவாசிகளும் உள்ளூர் ஆட்களும் கைகோத்தார்கள். அது உலகப் போரின் நடுவிலும் நீண்டது. கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. தெற்கே அறைகள், வடக்கே நடை. இரு முகங்களிலும் கண்ணாடிக்குப் பதிலாக, திருப்பி வைக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பட்டைகள் வரிசையாக நிற்கின்றன. அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்களை முன்னும் பின்னுமாக அடுக்கிய தள்ளுகதவு இருக்கிறது: பார்வையை மறைக்கும், காற்றை மறிக்காது. அந்த இடத்தில் சாதாரண அடைப்புக் கதவு போட்டிருந்தால் வெளிச்சுவரின் பட்டைகள் அத்தனையும் வீண். தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை வேய்ந்து, நடுவே காற்று ஓட இடைவெளி விட்டார்கள். கூரையின் எடையைக் கணக்கிடுபவர் அதை முதலிலேயே அறிந்திருக்க வேண்டும். ஆசாரியின் வேலையும் பொறியாளரின் கணக்கும் இப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன.

ஆசிரமத்துக்குப் பொழுதும் ஊதியம் கேட்காத கைகளும் இருந்தன, சாதாரணக் குடும்பத்துக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோல்கொண்டேயின் நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு அந்தப் பொழுது தேவைப்பட்டது உண்மை. ஆனால் கட்டடத்தைக் குளிர்வித்த அடிப்படை முடிவுகள் வேறு: திசை, இரு பக்கத் திறப்பு, கூரையின் நிழல். முதல் இரண்டுக்கும் மனையும் தெருவும் இடம்கொடுத்தால் தனிச் செலவு அதிகமில்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் ஆகும். மூன்றையும் காகிதத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். வரைபடம் அங்கீகாரம் பெற்று, கம்பி கட்டி, தளம் போட்ட பிறகு எலக்ட்ரீஷியனை அழைத்தால் ஏசிக்கு இடம் காட்டுவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? முற்றம் வைத்த பழைய வீடுகள் எந்த ஆர்க்கிடெக்டும் இல்லாமல் குளிர்ந்தனவே என்றும் சொல்வார்கள். அங்கே கொத்தனாரும் ஆசாரியும் ஒரே மரபில் பழகியவர்கள். ஒருவர் விடும் திறப்பு எதற்கென்று மற்றவருக்குத் தெரியும். கான்கிரீட், குழாய், மின்சாரம் என்று தொழில்கள் பிரிந்தபோது அந்தப் பொது அறிவும் கலைந்தது.

கோல்கொண்டேயை அப்படியே நகல் எடுக்கவும் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்குக் கேடு என்று இன்று அறிவோம். பட்டைகளை மரத்திலோ அலுமினியத்திலோ செய்துகொள்ளலாம். குடியிருப்புகளுக்காக 2018-இல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற எரிசக்தி விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த அளவு முழுவதும் ஒரே சுவரில் அமைந்துவிட்டால் கணக்கு சரியாக வரும், காற்று வராது. எதிர்ச்சுவரிலும் திறப்பு வேண்டுமென்றால் தூண் எங்கே, குளியலறை எங்கே, படிக்கட்டு எங்கே என்பதை வரைபவரும் பொறியாளரும் குழாய் வேலைக்காரரும் வீட்டுக்காரரும் வானம் தோண்டுவதற்கு முன்பே கூடிப் பேசியாக வேண்டும்.