"யூனிஸ் இருக்கா?" – ஒரு பழைய கேள்வியின் கதை

"உன் துறையைப் பற்றி எழுது, ஆனா கெமிஸ்ட்ரிக்காரனுக்கும் புரியணும்" என்று மலர்க்குழு நண்பர்கள் அன்புக் கட்டளை போட்டுவிட்டார்கள். கணிப்பொறியில் மவுஸைத் தொடாமல், கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே காலம் தள்ளியவன் நான். அந்தத் திரையின் சரித்திரத்தில் ஒரு சிறு பகுதியைச் சொல்கிறேன்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கான கருவி எதையாவது நிறுவப் போனால், அது முதலில் நம்மைத்தான் விசாரிக்கும். "கம்பைலர் இருக்கா? பைத்தான் இருக்கா? எந்தப் பதிப்பு?" அட்மிஷனுக்குப் போன அன்று நம் ஆபீஸ் கவுன்ட்டரில் சர்டிபிகேட் கேட்டார்களே, அதே மாதிரிதான். சில சர்டிபிகேட் எதற்கென்று கேட்டவருக்கே தெரியாது. இங்கேயும் அதே கதை.

இந்த விசாரணைக்கு ஆரம்பத்தில் நியாயம் இருந்தது. 1980-களில் யூனிக்ஸ் என்பது ஒரே யூனிக்ஸ் அல்ல. பெர்க்லி ஒரு வழி போனால் ஏ.டி. அண்டு டி. இன்னொரு வழி. 1984-ல் ஆர்.என். என்ற செய்தி படிக்கும் புரோகிராமை வெளியிட்ட லாரி வால், கூடவே 'கன்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டையும் அனுப்பினார். இயந்திரத்தை அதுவே துருவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். 1987-ல் அவர் பெர்ல் மொழியை வெளியிட்டபோதும் இதே பழக்கம் தொடர்ந்தது. அது தேடியவற்றில் ஒன்று யூனிஸ். வாக்ஸ் இயந்திரத்தில் வி.எம்.எஸ். மேல் உட்கார்ந்து யூனிக்ஸ் வேஷம் கட்டிய மென்பொருள் அது. யூனிஸ் இல்லையென்று தெரிந்தால், "வாழ்த்துகள், நீங்கள் யூனிஸில் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி திரையில் வரும். யூனிஸ் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகி, 2000-களிலும் பெர்ல் அந்த வாழ்த்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. யூனிஸ் யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்கு!

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்தது அப்படியல்ல.

1991-ல் டேவிட் மெக்கன்சி ஆட்டோகான்ஃப் என்ற கருவியைத் தொடங்கினார். விசாரிக்கும் ஸ்கிரிப்டைத் தானே எழுதித் தரும் கருவி. "நீ யார், எந்த ஊர், எந்தப் பதிப்பு என்று கேட்காதே, இந்த வேலை உன்னால் முடியுமா என்று செய்து பார்" என்பதுதான் அதன் கொள்கை. என் மனசுக்கு இன்றும் பிடித்த கொள்கை. ஆனால் அந்தக் கருவியே ஒரு நிபந்தனையாக மாறியதுதான் வேடிக்கை. 1999-ல் 2.13 பதிப்பு வந்தது. 2001-ல் வந்த 2.50 இலக்கணத்தில் கறார் காட்டியதால் பழைய கோப்புகள் பல அதில் ஓடவில்லை. பயர்பாக்ஸ் உலாவியின் கோப்போ பல ஆயிரம் வரி. யார் மாற்றுவது? 2019-லும் பயர்பாக்ஸைக் கட்ட விரும்பியவர் 1999-ன் 2.13-ஐத் தேடிப் பிடித்து நிறுவ வேண்டியிருந்தது. அதற்கென்றே டெபியன் தனிப் பொட்டலம் வைத்திருந்தது. 2016 முதல் மொசில்லா இந்தச் சோதனைகளைப் பைத்தானில் திருப்பி எழுத ஆரம்பித்தது. எந்தப் பைத்தான்? 2. பிறகு அதையும் 3-க்கு மாற்றினார்கள்.

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு 2015-ல் விடை கொடுப்பதாகத் திட்டம். யாரும் நகரவில்லை என்றதும் 2014-ல் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். தமிழர்களான நமக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. யூ.டி.எஃப்-8 எழுத்தில் 'அம்மா' என்று தட்டி நீளம் கேட்டால், சாதாரணமாக பைத்தான் 2 சொல்வது 15. அது பைட்டுகளை எண்ணும். பைத்தான் 3 சொல்வது 5. புள்ளியையும் காலையும் தனியாக எண்ணும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்துதான். இருந்தாலும் 15-க்கு 5 தேவலை!

2021-ல் நம் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் போன் செய்தார். மறுநாள் புராஜெக்ட் ரிவ்யூ. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பொட்டலம், "பைத்தான் 2 இல்லாமல் நகரமாட்டேன்" என்று நிற்கிறது. "ஜாவாஸ்கிரிப்டுக்கு பைத்தான் எதுக்குண்ணா?" என்றார். நல்ல கேள்வி. குரோமியத்துக்காக கூகுள் பைத்தானில் எழுதிய ஜிப் என்ற கருவியை நோட் உலகம் எடுத்துக்கொண்டது. குரோமியம் 2016-ல் வேறு கருவிக்குப் போய்விட்டது. நோட் உலகில் ஜிப் தங்கிவிட்டது. பைத்தான் 3-ஐ ஏற்கும் புதிய பதிப்பு அதற்குள் வந்திருந்தது. அவருடைய பொட்டலம்தான் பழசைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தமே நின்றுபோன பைத்தான் 2-ஐ ஏற்ற வேண்டாம், சார்புகளில் ஒரு வரியை மாற்றம்மா என்றேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஓடியது.

அதற்காகப் பழசை எல்லாம் ஒரே நாளில் வெட்டிவிடலாமா? 2022 மார்ச்சில் ஆப்பிள் தன் மேக் 12.3-ல் பைத்தான் 2-ஐ நீக்கியது. பழைய பாதையை நம்பியிருந்த ஸ்கிரிப்டுகள் அன்றே படுத்துவிட்டன. புது மெஷின் வாங்க வசதியில்லாத கல்லூரி லேபுக்குப் பழைய பதிப்பின் ஆதரவுதான் உயிர். நான் ஜூனியர்களிடம் கேட்பது ஒன்றே: நிபந்தனை வைக்கும்போது பக்கத்திலேயே காரணத்தையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். எடுக்கலாமா, வைக்கலாமா என்று பின்னால் வருகிறவன் முடிவு செய்துகொள்வான்.

பதிப்பு எண்ணைப் படிக்கவும் கொஞ்சம் சரியாகக் கற்றுக்கொடுங்கள். 2021 அக்டோபரில் பைத்தான் 3.10 வந்தபோது, முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் பார்த்த கருவிகள் அதை 3.1 என்று படித்து, "உங்கள் பைத்தான் ரொம்பப் பழசு" என்று திருப்பி அனுப்பின.