சாலையோரத்தில் ஓட்டுநரின் உரிமை

சில மாதங்களுக்கு முன் நான் பயணம் செய்த ஆட்டோவை ஒரு சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் மறித்தார். ஓட்டுநர் என்னைவிடச் சில ஆண்டுகளே இளையவர். காக்கிச் சட்டை அணியவில்லை என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான்; சட்டை இருக்கைக்கு அடியில் மடித்துக் கிடந்தது. முறைப்படி அபராதம் விதித்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இருந்திராது. காவலர் முதலில் வண்டிச் சாவியை உருவினார். பிறகு 'ஏண்டா கிழவா' என்று தொடங்கினார். இருபது நிமிடங்கள் கழித்து, ரசீது இல்லாமல் முந்நூறு ரூபாய் கைமாறிய பின்னரே சாவி திரும்பியது.

வீடு திரும்பியதும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். சாவியைப் பறிக்க அனுமதிக்கும் பிரிவு எதுவும் அதில் என் கண்ணில் படவில்லை. சீருடையில் உள்ள காவல் அலுவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 130-ஆவது பிரிவு. 2018-இல் மத்திய விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் உள்ள ஆவணத்தைக் காட்டினாலும் போதும். பதிவின்றியோ, பர்மிட் இன்றியோ, உரிமம் இல்லாதவராலோ ஓட்டப்படும் வாகனத்தைப் பிடித்துவைக்க 207-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. சட்டை அணியாதது அந்த வரிசையில் இல்லை.

உரிமத்தைப் பறிமுதல் செய்வதற்கும் வரம்புண்டு. ஆவணம் போலி என்றோ, ஓட்டுநர் தலைமறைவாகிவிடுவார் என்றோ நம்பக் காரணம் இருந்தால் அதைக் கைப்பற்றலாம். ஆனால், ஒப்புகைச் சீட்டு தந்தாக வேண்டும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு, அதில் குறித்த நாள் வரையோ உரிமம் திரும்பும் வரையோ வண்டி ஓட்டலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதிவேகம், குடிபோதை, தலைக்கவசம் அணியாமை போன்ற குற்றங்களுக்கும் உரிமத்தைக் கைப்பற்ற வழிசெய்தது. அப்போதும் சீட்டு உண்டு. வண்டி ஓட்டும் அனுமதி மட்டும் கிடையாது.

பலர் அறியாத இன்னொன்று, சம்பவ இடத்திலேயே அபராதம் கட்டுவது கட்டாயமல்ல என்பது. அரசு அறிவிக்கையால் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் பணம் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள 200-ஆவது பிரிவு தரும் வாய்ப்பு அது. குற்றத்தை ஏற்காதவர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். சட்டத்தை அமல்படுத்தும் அமைப்பே இச்சட்டத்தை மீறினால் அபராதம் இரு மடங்கு என்று 210பி பிரிவு சொல்வதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். தலைக்கவசமின்றிச் செல்லும் காவலரைக் காணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு இருந்தும் அந்த ஓட்டுநர் ஏன் பணம் கொடுத்தார்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் பெரிய புதிர் இல்லை. அவர் மூன்றரை மணிக்குப் பள்ளிக் குழந்தைகளை ஏற்ற வேண்டும். நீதிமன்றம் சென்றால் ஒரு நாள் வருமானம் போய்விடும். சாலையோரத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குச் செலவு. காவலருக்கோ அது பணிநேரம். அந்த இடைவெளிதான் முந்நூறு ரூபாயாக விலை பேசப்பட்டது. அபராதத் தொகை உயர உயர இந்தப் பேரமும் உயரும். தமிழகத்தில் 2022 அக்டோபரில் அபராதங்கள் கூட்டப்பட்டபோது விபத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி நாம் பேசவில்லை.

2011-இல், மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு, தனக்கு உரியதைப் பெறவே லஞ்சம் தர நேர்பவரைத் தண்டிக்கக் கூடாது என்று வாதிட்டார். அப்போதுதான் கொடுத்தவர் அஞ்சாமல் புகார் அளிப்பார் என்பது அவர் கணக்கு. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் பாதி வழி வந்தது: லஞ்சம் கொடுப்பதும் குற்றம்; ஆனால், நிர்பந்தத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் புகார் செய்தால் தப்பலாம்.

இதை அந்த ஓட்டுநரிடம் ஐந்தாம் நாளே சொன்னேன். "சார், நாளைக்கும் அதே ரோட்டுலதானே நான் ஓட்டணும்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவருக்கு மனம் மாறினால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வசைக்கும் அடிக்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் முறையிடலாம். ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். இத்தகைய அத்துமீறல் வசையோடு நிற்பதில்லை. 2018 மார்ச்சில் திருச்சி அருகே துவாக்குடியில், காவல் ஆய்வாளர் துரத்திச் சென்று உதைத்ததாகச் சொல்லப்பட்ட இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த பெண் உயிரிழந்தார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

வெயிலிலும் புகையிலும் நாள் முழுவதும் நிற்கும் காவலரின் துன்பத்தை நான் அறியாதவனல்லன். அவர்கள் உடலில் அணியும் கேமராவுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகளிலேயே இடமிருக்கிறது. பதிவை ஓட்டுநரும் கேட்டுப் பெறலாம் என்று அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், அந்த ஆட்டோக்காரர் ஏழு நாள்களுக்குள் காவல் நிலையப் படியேற ஒரு சான்றாவது கையில் இருக்கும்.